வலங்கைமானில் தங்கிவிட்ட ஜெயக்கொடி

புரட்டாசி மாதம், ஒரு திங்கட்கிழமைக் காலை. திருச்சியில் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கைபேசியில் அஞ்சம்மாளின் பெயர் வந்தது. வலங்கைமானுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் விதை நெல் பயிரிடும் பெண்களின் குழுவுக்கு அவர் தலைவர். நாங்கள் பேசிப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

"சார், மேடம் போயிட்டாங்க" என்றார்.

"எங்க?" என்று கேட்டேன்.

அப்படிக் கேட்டதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. சொந்த ஊருக்குப் போயிருப்பார், இல்லையென்றால் கேரளாவில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போயிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றியது.  "எங்கன்னு சொல்றது சார்" என்று அஞ்சம்மாள் அழத் தொடங்கினார்.

ஜெயக்கொடி அவர்கள் இறந்த செய்தி எனக்கு இப்படித்தான் வந்தது. அதற்கு முந்தைய நாள் காலையில் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க அவர் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு அஞ்சம்மாளை அழைத்திருக்கிறார். தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டதாக மருத்துவர் சொன்னாராம். சில நாட்களாகவே நெஞ்சு அடைப்பது போல இருந்திருக்கும் என்றும் சொல்லியிருக்கிறார். ஜெயக்கொடி யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

அவரைத் தெரிந்தவர்கள் வலங்கைமான் பக்கத்தில் நிறைய உண்டு. அந்த வட்டாரத்துக்கு வெளியே அவரை யாருக்கும் தெரியாது. பத்திரிகையில் அவர் பெயர் வந்ததில்லை. எட்டு ஆண்டுகள் அவரோடு ஒரே வேலையைப் பார்த்தவன் என்ற முறையில் நான் இதை எழுதுகிறேன். எழுத வேண்டிய வேறு காரணமும் எனக்கு இருக்கிறது. அது பின்னால் வரும்.

தஞ்சாவூரில் சிறு விவசாயிகளுக்காக இயங்கிய ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் நான் திட்ட அலுவலராக இருந்தேன். அறிக்கை எழுதுவதும் ஆட்களை எடுப்பதும் என் வேலை. களப்பணியாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வு நடந்த அன்று ஜெயக்கொடி வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். வெயிலில் நன்றாகக் கறுத்த முகம். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்பவர் என்று நினைத்தேன்.

"நெல் விவசாயம் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் தெரியாது சார். நாங்க பூம்புகார் பக்கம். எங்க அப்பா கடலுக்குப் போறவரு. மீனைப் பாத்தா எப்ப புடிச்சதுன்னு சொல்லிடுவேன். நெல்லைப் பாத்தா நெல்லுன்னு மட்டுந்தான் சொல்லத் தெரியும்."

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சிரித்துவிட்டார். அப்புறம் எதற்காக இந்த வேலைக்கு வந்தீர்கள் என்று கேட்டோம். அவர் சிரிக்கவில்லை.

"சுனாமிக்கு அப்புறம் எங்க ஊருக்கு லாரி லாரியா சாமான் வந்துச்சு சார். பாயி, கொடம், அரிசி, பழைய துணி. நானும் வரிசையில நின்னு வாங்குனேன். அன்னைக்கு அது இல்லன்னா நாங்க இல்ல. ஆனா ஒரு நாளு லாரி நின்னுபோச்சு. அதுக்கு அப்புறமும் எங்க ஆளுங்க ரோட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. மறுபடி எப்படிப் பொழைக்கிறதுன்னு யாரும் எங்ககூட உக்காந்து பேசல. நான் அந்த மாதிரி உக்காந்து பேசுற வேலை செய்யணும்னு வந்தேன்."

அந்த அலையில் அவருடைய தாயும் தந்தையும் போய்விட்டார்கள் என்பதை அவர் அன்று சொல்லவில்லை. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு டிசம்பர் மாதம் இரண்டு நாள் விடுப்புக் கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அவரை அஞ்சம்மாளின் ஊருக்கு அனுப்பினோம். அங்கே ஒரு காலத்தில் பண்ணையாட்களாக இருந்த குடும்பங்கள், அதே நிலங்களைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்துகொண்டிருந்தன. நிலத்துக்காரர்களின் பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். ஆளுக்கு ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர். ஆண்கள் பாதிப் பேர் கட்டட வேலைக்கு வெளியூர் போவார்கள். வயலைப் பார்த்தது பெண்கள்தான்.

முதல் தடவை அந்த ஊருக்கு நான் ஒரு வேன் நிறைய விதை மூட்டையும் உரமும் கொண்டுபோனேன். இலவசமாகக் கொடுத்துப் படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். ஜெயக்கொடி வேனுக்கு முன்னால் வந்து நின்றார்.

"எறக்காதீங்க சார்."

"ஏன்?"

"கொடுத்தா சந்தோசமா வாங்கிக்குவாங்க. அடுத்த வருசம் யாரு கொடுப்பா? நீங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத பெண்மணி, தெருவில் பத்துப் பேர் பார்க்க என்னைக் கேள்வி கேட்கிறார். மேலிடத்துக்கு நான் என்ன பதில் சொல்வது என்றேன். "எம் பேரச் சொல்லுங்க" என்றார். மூட்டைகளை வேறு ஊரில் இறக்கினோம். அஞ்சம்மாள் அந்தக் காலத்தில் என்னிடம் வெளிப்படையாகவே சொன்னார்: "வந்த மூட்டைய திருப்பி அனுப்புன மகராசிய எங்க தலையில கட்டிட்டுப் போயிட்டீங்களே சார்."

அந்தச் சம்பாப் போகம் முழுவதும் ஜெயக்கொடி எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தப் பெண்களோடு கூலி ஆளாக வயலில் இறங்கி நாற்று நட்டார், களை எடுத்தார், அறுத்தார். ஒரு முறை நான் போனபோது வரப்பிலிருந்து அஞ்சம்மாள் கத்தினார்: "சார், உங்க மேடம் நட்ட நாத்தெல்லாம் மெதக்குது! வந்து புடிச்சுக்கிட்டுப் போங்க!" வயலே சிரித்தது. ஜெயக்கொடியும் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான் என்று இப்போது தோன்றுகிறது.

களை எடுக்கும் இடத்தில் ஒரு நாள் அஞ்சம்மாள், கடையில் வாங்கும் விதையில் வேறு ரகமெல்லாம் கலந்து வருவதாகச் சலித்துக்கொண்டிருக்கிறார். "நம்ம கையால வெளைய வச்சா இப்படியா கெடக்கும்?" என்றாராம். ஜெயக்கொடி அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். விதை நெல்லுக்குச் சோற்று நெல்லைவிட நல்ல விலை கிடைக்கும். ஆனால் வேலை நுணுக்கமானது. ரகம் மாறி முளைத்த பயிரைக் கலவன் என்பார்கள். அதைப் பூக்கும் முன்பிருந்தே தேடித் தேடிப் பிடுங்க வேண்டும். அறுத்ததைத் தனியாகக் காயவைக்க வேண்டும். முளைப்புத் திறனைச் சோதிக்க வேண்டும். இதையெல்லாம் அவர் தஞ்சாவூரில் ஓய்வுபெற்ற அலுவலர்களைத் தேடிப் போய்க் கற்றுக்கொண்டு வந்தார். யோசனை யாருடையது என்று யார் கேட்டாலும், "அஞ்சம்மாக்கா சொன்னதுங்க" என்பார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. அந்தப் பெண்களுக்கு அது பெரிய எரிச்சல். ஒரு பயிரைக் காட்டி, இது கலவனா என்று கேட்டால் பதில் சொல்லமாட்டார். "நீங்க என்ன நெனக்கிறீங்க?" என்று திருப்பிக் கேட்பார்.

"தெரிஞ்சா உங்ககிட்ட ஏன் கேக்குறோம்?" என்பார்கள்.

அவர் பேசாமல் நிற்பார். வெயில் ஏறும். வேறு வழியில்லாமல் அவர்கள் குனிந்து பார்ப்பார்கள். தூர் எப்படி இருக்கிறது, இலையின் நிறம் என்ன, கதிர் முந்திக்கொண்டு வருகிறதா என்று தங்களுக்குள் சண்டை போடுவார்கள். கடைசியில் யாராவது பிடுங்கி எறிவார்கள். மூன்றாம் ஆண்டில் வரப்பில் நடந்துகொண்டே கலவனைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு அவர்கள் வந்துவிட்டார்கள். வயலைப் பார்வையிட வந்த அலுவலர் ஒருவர் ஓரிடத்தில் தவறாகச் சொல்ல, அஞ்சம்மாள் அவரைத் திருத்தினார். அன்று மாலை என்னிடம் அதைச் சொன்னபோது ஜெயக்கொடியின் முகத்தில் இருந்த பெருமையை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

பிறகு அந்த மழை வந்தது.

தை பிறந்து அறுவடைக்கு நாள் பார்த்திருந்த நேரம். மழைக்காலம் முடிந்துவிட்டதென்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். மூன்று நாள் விடாமல் பெய்தது. குடமுருட்டி நிறைந்து ஓடியது. கதிர் முற்றிய பயிர் அப்படியே சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. வடியவைத்து, அறுத்து, தார்ச்சாலையில் கொட்டிக் காயவைத்தார்கள். காய்ந்த பிறகு பார்த்தால் நெல் பொன்னாகத்தான் இருந்தது. வெளியே பார்த்து ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஒரு வியாபாரி வந்தார். சோதனைக்கெல்லாம் அனுப்ப வேண்டாம், விதை என்றே எடுத்துக்கொள்கிறேன், சாக்கில் நான் வேறு பேர் போட்டுக்கொள்கிறேன் என்றார். அந்த ஆண்டு முழுவதும் பட்ட பாட்டுக்குப் பலன் கிடைக்க அது ஒன்றுதான் வழி. அஞ்சம்மாளின் மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அந்த விதை நெல்லை நம்பித்தான் அவர் மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

ஜெயக்கொடி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தங்கள் நெல்லில் நூறு எண்ணி ஈரத்துணியில் சுற்றி வைத்து, ஒரு வாரம் கழித்துக் கொண்டுவாருங்கள் என்று மட்டும் சொன்னார். நானும் அன்று போயிருந்தேன். சமுதாயக்கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து துணிகளைப் பிரித்தார்கள். சிலருடையதில் பாதி முளைத்திருந்தது. சிலருடையதில் அதுவும் இல்லை. அஞ்சம்மாளின் துணியில் முளைத்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

"நாமளா கொடுக்கிறோம்? அந்த ஆளுதானே விக்கிறாரு" என்றார் அஞ்சம்மாள். "எம் மவ படிப்பு போயிரும் மேடம்."

"தெரியுதுக்கா."

"தெரிஞ்சா எடுத்துக்கச் சொல்லுங்க."

"முடிவு உங்களோடது. நான் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லணும். இதை வாங்கிட்டுப் போயி நாத்தங்கால்ல தெளிச்சிட்டு, மொளைக்கும் மொளைக்கும்னு ஒக்காந்திருக்கப்போறதும் உங்களை மாதிரி குத்தகைக்கு எடுத்த ஒருத்திதான்."

துணிகளை மறுபடி ஒரு முறை எண்ணிப் பார்த்தார்கள். பிறகு கை தூக்கினார்கள். விற்க வேண்டாம் என்று ஒரு கை அதிகம் இருந்தது. அஞ்சம்மாள் விற்க வேண்டும் என்றுதான் கை தூக்கினார். தோற்றுப்போன பிறகு, தன் துணியைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போனார். நெல் சோற்று நெல்லாகவே கொள்முதல் நிலையத்துக்குப் போனது. அந்த ஆண்டு அவருடைய மகள் கல்லூரிக்குப் போகவில்லை. துணிக்கடை வேலைக்குப் போனாள்.

அதன் பிறகு அந்தத் தெருவில் ஜெயக்கொடியோடு யாரும் பேசவில்லை. வேண்டாம் என்று கை தூக்கியவர்களும் பேசவில்லை. அவர்கள் வீட்டு ஆண்கள் திட்டியிருப்பார்கள். கூட்டம் போட்டால் யாரும் வரமாட்டார்கள். சமுதாயக்கூடத்தில் பாயை விரித்துப்போட்டு ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்துவிட்டு, பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வருவார். ஒவ்வொரு வாரமும் அப்படி உட்கார்ந்தார்.

அதே கோடையில் எங்கள் நிறுவனத்துக்கு நிதி நின்றது. எனக்குத் திருச்சியில் ஒரு வேலை கிடைத்தது. அவருக்கும் அங்கே ஓர் இடம் கேட்டு வைத்திருந்தேன். சொல்வதற்காக ஊருக்குப் போனேன்.

"வந்துருங்க. இங்க உங்களுக்கு யாரு இருக்கா?" என்றேன்.

"யாரும் இல்லதான் சார்" என்றார். "ஆனா இப்ப நான் போனா, அவங்களுக்கு அந்தக் கை தூக்குனது தப்புன்னு ஆயிடும். தப்பு இல்லன்னு தெரியிற வரைக்கும் இருக்கணும்ல?"

அவரை அங்கே விட்டுவிட்டு நான் பேருந்து ஏறினேன்.

சம்பளம் இல்லை. காலையில் கூலிக்கு நடவுக்கும் களைக்கும் போனார். அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்துத் தனியாக விதை நெல் போட்டார். பேச்சுத்துணை இல்லாமல் ஒரு முழுப் போகம். அதைப் பற்றிப் பின்னாளில் நான் கேட்டபோது, "வயல்ல பேச என்ன இருக்கு சார், வேலதான்" என்று முடித்துக்கொண்டார். நடந்ததை எனக்குச் சொன்னது அஞ்சம்மாள்தான்.

மார்கழியில் ஒரு காலை. ஜெயக்கொடி தன் வயலில் கலவன் பிடுங்கிக்கொண்டிருந்தார். அஞ்சம்மாள் எதிர்க் கரையில் இறங்கினார். ஒன்றும் பேசாமல் அங்கிருந்து பிடுங்கத் தொடங்கினார். இருவரும் நடு வயலுக்கு வர ஒரு மணி நேரம் ஆனது. அஞ்சம்மாள் ஒரு தூரைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"மேடம், இது கலவன்தானே?"

"நீங்க என்ன நெனக்கிறீங்கக்கா?"

"அட போங்க மேடம். ஒரு வருசம் மூஞ்சியப் பாக்காம இருந்தும் நீங்க மாறவேயில்ல."

சொல்லிவிட்டு அஞ்சம்மாள் அழுததாகவும், ஜெயக்கொடி அவர் கையிலிருந்த தூரை வாங்கிப் பார்த்து, "கலவன்தான்" என்று முதல் தடவையாகப் பதில் சொன்னதாகவும் அஞ்சம்மாள் சொன்னார்.

மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். இந்த முறை அவர்களே யோசித்தார்கள். எல்லோரும் ஒரே வாரத்தில் நட்டதால்தான் எல்லோருடையதும் ஒரே மழையில் போனது என்று, நடவு நாளை மூன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒருவர் வயல் போனாலும் மற்றவர் வயலிலிருந்து அவருக்கு விதை கிடைக்க வேண்டும் என்று பேசிவைத்தார்கள். பொதுவில் தார்ப்பாய் வாங்கினார்கள். உயரமாக மேடை கட்டிக் கிடங்கு போட்டார்கள். நெல்லுக்குப் பிறகு உளுந்து தெளித்து அதையும் விதையாகவே விற்றார்கள். அடுத்து ஒரு முறை வயல் மூழ்கியபோது மூன்றில் ஒரு பங்குதான் போனது. எனக்குத் தகவல்கூட வரவில்லை. அவர்களே சமாளித்துவிட்டார்கள். அஞ்சம்மாளின் மகள் இரண்டு ஆண்டு தாமதமாகக் கல்லூரியில் சேர்ந்தாள். இப்போது கும்பகோணத்தில் ஒரு மருத்துவமனையில் நர்சாக இருக்கிறாள்.

குழு வளர்ந்து, பக்கத்து ஊர்களையும் சேர்த்து ஒரு சிறு நிறுவனமாகப் பதிவானது. ஜெயக்கொடியை இயக்குநராக இருக்கச் சொல்லிக் கெஞ்சினார்கள். மறுத்துவிட்டார். கூட்டங்களுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். பிறகு போவதே இல்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். ஓட்டு வீட்டில் ஒற்றை அறை. இரண்டு தெரு தள்ளி நிறுவனத்தின் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் அஞ்சம்மாள் யாரையோ அதட்டுவது கேட்டது. ஜெயக்கொடி டீ போட்டுக் கொடுத்துவிட்டு, காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க போகலையா?" என்றேன்.

"நான் போனா எம் மூஞ்சியப் பாப்பாங்க சார். இப்ப ஒருத்தர ஒருத்தர் பாத்துக்குறாங்க." கொஞ்சம் பொறுத்து, "ஒரு நாளைக்கு எத்தனை தடவை கூப்புடுவாங்க தெரியுமா, முன்னெல்லாம்? மருந்து என்ன அடிக்கலாம், எப்ப தண்ணி வைக்கலாம்னு. இப்ப யாரும் கூப்புடுறதில்ல. இதுக்காகத்தான் இத்தனை வருசம் உக்காந்திருந்தேன்" என்றார்.

அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தவர், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "சாயங்காலம் மட்டும் கொஞ்சம் நீளமா இருக்கு சார்" என்றார்.

வாரம் ஒரு முறை பேசுகிறேன் என்றேன். நான்கைந்து வாரம் பேசினேன். அப்புறம் மாதம் ஒரு முறை ஆனது. அப்புறம் பொங்கலுக்கு மட்டும். அவர் இறப்பதற்கு ஒன்பது நாளுக்கு முன் என் கைபேசியில் அவருடைய அழைப்பு வந்தது. ஏதோ ஆலோசனைக் கூட்டத்தில் இருந்தேன். எடுக்கவில்லை. மாலையில் கூப்பிடலாம் என்று நினைத்தேன். மாலையில் நினைவில்லை. மறுநாள் நினைவு வந்தது, அவசரம் என்றால் மறுபடி கூப்பிட்டிருப்பாரே என்று இருந்துவிட்டேன். அவரை அத்தனை ஆண்டு தெரிந்த எனக்கு, அவர் மறுபடி கூப்பிடுகிறவர் இல்லை என்பது தெரிந்திருக்க வேண்டும்.

எதற்காக அழைத்தார் என்று நான் யாரிடமும் கேட்க முடியாது. நெஞ்சு வலியைச் சொல்லவா, என் மகளின் படிப்பு எப்படிப் போகிறது என்று கேட்கவா, வெறுமனே அந்த மாலையைக் கடத்தவா.

நான் போய்ச் சேர்ந்தபோது உடலை வாசலில் கிடத்தியிருந்தார்கள். தம்பி ஆழ்கடலில் படகில் இருந்தார். தகவல் போய்ச் சேரவில்லை. ஒரு நாள் காத்திருந்தும் பயனில்லை. கொள்ளி யார் வைப்பது என்று பெரியவர்கள் பேசத் தொடங்கினார்கள். சொந்தம் என்று சொல்ல ஒருவரும் இல்லை, ஊர் சார்பில் யாராவது ஓர் ஆண் வைக்கட்டும் என்றார்கள்.

"நான் வைக்கிறேன்" என்றார் அஞ்சம்மாள்.

"பொம்பளை சுடுகாட்டுக்கு வர்றதா? வழக்கம் இல்லியே."

"அவங்க என்ன வழக்கப்படியா இங்க வந்தாங்க?" என்றார் அஞ்சம்மாள். பெரியவர்கள் விலகி வழிவிட்டார்கள்.

குடமுருட்டிக் கரைக்கு முப்பது பெண்களுக்கு மேல் நடந்து வந்தார்கள். அஞ்சம்மாளின் மகள் கும்பகோணத்திலிருந்து பணிச்சீருடையிலேயே வந்திருந்தாள். அஞ்சம்மாள் தீ வைத்தார். திரும்பி வந்து எல்லோரும் ஆற்றில் தலைமுழுகினார்கள். ஈரச்சேலையோடு அஞ்சம்மாள் என்னிடம் வந்தார்.

"கோவிச்சுக்காதீங்க சார். நேத்தே நாத்துப் பறிச்சு முடி முடியா கட்டிக் கெடக்கு. இன்னைக்கு நடலன்னா வீணாயிரும். நீங்க வீட்ல இருங்க, சாப்பிட்டுப் போங்க."

எனக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை. அவர்கள் பின்னாலேயே நடந்து வயலோரம் போனேன். துக்கத்துக்கு வந்த பெண்கள் அப்படியே வரிசையாக இறங்கிக் குனிந்தார்கள். அஞ்சம்மாளின் மகளும் தாயின் பழைய சேலை ஒன்றைச் சுற்றிக்கொண்டு இறங்கினாள். யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. எந்தக் கை எங்கே போக வேண்டும் என்று அவரவருக்குத் தெரிந்திருந்தது. நட நட, பழுப்புச் சேற்றின் மேல் பச்சை வரி வரியாக எழுந்தது. சற்று நேரத்தில் தூறல் போட்டது. வரப்பில் கிடந்த உரச் சாக்குகளைக் கொங்காணியாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நட்டார்கள். அதற்குப் பிறகு அவர்களில் அஞ்சம்மாள் யார், அவர் மகள் யார் என்று என்னால் அடையாளம் காண முடியவில்லை.

அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஆறு இருக்கும் திசையைப் பார்த்துக் கைகூப்பினேன். ஜெயக்கொடி, உங்களை அமைதியாகப் போய் வாருங்கள் என்று வழியனுப்பும் தகுதியை நான் இழந்துவிட்டேன். ஆனாலும் போய் வாருங்கள்.

பெண்கள் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நட்டபடியே, ஓரடி ஓரடியாகப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தார்கள்.